14 மாதம் பிரீமியம் பெட்ரோல் போட்டும் ஏறாத மைலேஜ்

பிக்கப் வண்டிக்கு ஆக்டேன் கூடிய பெட்ரோல் போட்டால் மைலேஜ் ஏறுமா என்று தேடி வந்திருந்தால், இதை முழுதாகப் படித்துவிட்டுப் பங்க் பக்கம் போங்கள். அதே கேள்வியோடு நான் 14 மாதம் அலைந்தேன். கேட்கவும் ஆள் இல்லை, தடுக்கவும் ஆள் இல்லை. பிரீமியம் என்று விற்கும் அந்த ஆக்டேன் கூடிய பெட்ரோலைக் கிட்டத்தட்ட 60 தடவை நிரப்பினேன். சாதா பெட்ரோலைவிட அதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்தேன். கணக்குப் போட்டால் 12 முழு டேங்க் பெட்ரோலின் விலை சும்மா போயிருக்கிறது. அதோடு ஆக்டேனை ஏற்றும் என்று பெட்ரோலில் பாட்டில் பாட்டிலாக ஊற்றிய ஆக்டேன் பூஸ்டர், அது கெடுத்த ஆறு ஸ்பார்க் பிளக், உண்மையான கோளாற்றைக் கவனிக்காமல் விட்டதால் தேய்ந்துபோன பிரேக் டிஸ்க் எல்லாம் தனி. பணத்தைவிட, இத்தனை நாள் தப்பான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோமே என்ற வருத்தம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மரச்சாமான் செய்து கொடுப்பது என் தொழில். பாதி நாள் பிக்கப்பின் பின்பெட்டி காலியாகப் போகும். மாதத்தில் சில நாள் மரம் ஏற்றிய டிரெய்லரை இழுக்கும். வண்டியைப் பழையதாகத்தான் வாங்கினேன். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். வாங்கிய முதல் மூன்று மாதம் சாதா பெட்ரோலிலேயே லிட்டருக்கு 9.4 கிலோமீட்டர் கொடுத்தது. இவ்வளவு கனமான வண்டிக்கு அது நல்ல மைலேஜ் என்று நிம்மதியாக இருந்தேன். நான்காவது மாதம் டயர் தேய்ந்திருந்ததால் நான்கையும் மாற்றினேன். கடைக்காரர் ஒரு அளவு பெரிய, கரடுமுரடான பாதைக்கான டயர் போட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும், சேற்றிலும் இழுக்கும் என்றார். சரி என்று போட்டுக்கொண்டேன். அதே வாரம் வேலை வேறு பக்கம் மாறியதால் பெட்ரோல் போடும் பங்க்கும் மாறியது. அடுத்த இரண்டு டேங்க்கிலேயே மைலேஜ் 8.3-க்கு இறங்கிவிட்டது.

டயரும் பங்க்கும் ஒரே வாரத்தில் மாறியிருக்கின்றன. ஆனால் எனக்குச் சந்தேகம் பங்க் மேல் மட்டும்தான் வந்தது. மைலேஜ் என்றாலே பெட்ரோல்தான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. உடன் வேலை செய்யும் ஒருவர், ‘டர்போ வண்டிக்குச் சாதா பெட்ரோலா? பிரீமியம் போடு, தானாக ஏறும்’ என்றார். அன்றே போட்டேன். அந்த முதல் டேங்க் 9.2 கொடுத்தது. அந்தச் சந்தோஷத்தில் அது எப்படி வந்தது என்று யோசிக்கவே இல்லை. அந்த வாரம் முழுக்க டிரெய்லர் இல்லாமல், சிக்னல் இல்லாத நெடுஞ்சாலையில் நிதானமான வேகத்தில் போயிருந்தேன். எந்தப் பெட்ரோல் போட்டிருந்தாலும் அந்த ஓட்டத்துக்கு மைலேஜ் ஏறியிருக்கும். ஒரு டேங்க்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான். பம்ப் துப்பாக்கி எங்கே ‘டக்’ என்று நிற்கிறது என்பதிலேயே ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் வித்தியாசம் வரும். 70 லிட்டர் நிரப்பும்போது இரண்டு லிட்டர் மாறினாலே மைலேஜ் 3 சதவீதம் ஏறின மாதிரியோ இறங்கின மாதிரியோ காட்டிவிடும்.

அடுத்தடுத்த மாதங்களில் சராசரி 8.4-லேயே நின்றது. பிரீமியம் போடாவிட்டால் இன்னும் குறைந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாதாவுக்குத் திரும்பி ஒரு தடவை பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். பயம் விடவில்லை. கூடுதல் காசு கொடுத்துப் பழகிய பிறகு, அதை நிறுத்தினால் எஞ்சினுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அது.

ஆக்டேன் என்றால் என்ன என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். இது முன்பே தெரிந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்லும் எண் இல்லை. எவ்வளவு அழுத்தினாலும், சூடாக்கினாலும், ஸ்பார்க் வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதைத்தான் அது சொல்கிறது. ஐசோ ஆக்டேன் என்ற பொருளுக்கு 100 என்றும், எளிதில் தானாகவே பற்றிக்கொள்ளும் நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்து, நம் பெட்ரோல் எந்தக் கலவை மாதிரி நடந்துகொள்கிறது என்று சோதனை எஞ்சினில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெட்ரோலையும் அழுத்துகிறது. ஸ்பார்க் வந்ததும் தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். அப்படிப் பரவி முடிப்பதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினது போலச் சத்தம் கேட்கும். அது தொடர்ந்தால் பிஸ்டனையே உடைத்துவிடும். கூடுதல் ஆக்டேன் இந்த வெடிப்பைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஒரு லிட்டர் பிரீமியத்திலும் ஒரு லிட்டர் சாதாவிலும் உள்ள எரிசக்தி ஏறக்குறைய ஒன்றுதான்.

எண்களிலும் ஒரு குழப்பம் உண்டு, நானும் அதில் மாட்டியிருக்கிறேன். சில நாடுகளில் பம்ப்பில் 91, 95 என்று போட்டிருக்கும். அது ரிசர்ச் ஆக்டேன், சுருக்கமாக ரான். அமெரிக்கா, கனடா மாதிரி நாடுகளில் 87, 91 என்று போட்டிருக்கும். அது ரான் எண்ணையும், இன்னும் கடுமையான சோதனையில் வரும் மோட்டார் ஆக்டேன் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தது. அங்கே 87 என்பதும் மற்ற இடங்களில் 91 ரான் என்பதும் ஏறக்குறைய ஒரே பெட்ரோல்தான். வேறு நாட்டுக்காரர் ஒருவர் காணொளியில் ‘என் வண்டிக்கு 91 போடுகிறேன்’ என்றால், அவர் சொல்வது பிரீமியமாக இருக்கலாம், உங்கள் ஊர் கணக்கில் அது சாதாவாகவும் இருக்கலாம். கையேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த முறை என்று எழுதியிருப்பதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடக்கூடாது.

சரி, கதைக்கு வருகிறேன். வாங்கிப் பத்து மாதம் ஆனபோது மைலேஜ் 7.4-க்கு விழுந்தது. வேகம் எடுக்கும்போது வண்டி இழுத்துப் பிடிப்பது போல ஒரு உணர்வு. அப்போதும் நான் பெட்ரோலைத்தான் நினைத்தேன். பிரீமியமே போதவில்லை போல என்று ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களை வாங்கி ஒவ்வொரு தடவையும் ஊற்ற ஆரம்பித்தேன். பாட்டிலில் பெரிய எழுத்தில் ‘30 பாயிண்ட் வரை ஏற்றும்’ என்று போட்டிருந்தது. ஆக்டேன் எண் அப்படியே 30 ஏறிவிடும் என்று நம்பினேன். ஆனால் பூஸ்டர் விற்பவர்கள் கணக்கில் 10 பாயிண்ட் என்றால் ஒரு ஆக்டேன் எண். ஆக 30 பாயிண்ட் என்பது மொத்தமே மூன்று எண்தான், அதுவும் பாட்டில் சொல்கிறபடி நடந்தால். சில பூஸ்டர்களில் மாங்கனீசு அல்லது இரும்புச் சேர்மம் இருக்கும். அது எரிந்ததும் ஸ்பார்க் பிளக்கின் முனையில் செம்பழுப்பாகப் படிந்து, நாளடைவில் ஸ்பார்க்கையே பலவீனமாக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் தடுமாறத் தொடங்கியபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. அதற்கும் இன்னொரு பாட்டில் ஊற்றினேன்.

ஒரு நாள் இரவு, வேலை முடிந்து தனியாகத் திரும்பும்போது கருகின வாடை அடித்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் முன்பக்க வலது சக்கரத்திலிருந்து புகை. கிட்டே போக முடியாத சூடு. சுற்றிலும் வெளிச்சம் இல்லை, போனில் சார்ஜ் குறைவு, தீப்பிடித்துவிடுமோ என்று கை நடுங்கியது. சாலை ஓரத்தில் தள்ளி உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அது ஆறுவதற்குக் காத்திருந்தேன். பிறகு ஊர்ந்து ஊர்ந்து ஒரு மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை சக்கரத்தைக் கழற்றிய அவர், பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைக் காட்டினார். காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் பின்கள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. “எத்தனை மாசமா தம்பி இப்படி ஓட்டுறீங்க? பிரேக் போட்டுக்கிட்டே வண்டி ஓட்டியிருக்கீங்க” என்றார். எஞ்சின் தடுமாறுவதைச் சொன்னதும் பிளக்குகளைக் கழற்றினார். ஆறும் செங்கல் நிறத்தில் இருந்தன. “இதுல என்ன ஊத்துனீங்க?” என்று கேட்டார். மைலேஜுக்காகப் பூஸ்டர் ஊற்றினேன் என்று சொல்லும்போது எனக்குக் குரல் இறங்கிவிட்டது. அவர் கோபப்படவில்லை. டயரைக் கையால் தட்டி, “இது கம்பெனி அளவு இல்லையே, இதைப் போட்டதும் மைலேஜ் குறைஞ்சிருக்குமே தம்பி, யாரும் சொல்லலையா?” என்று கேட்டார். அந்த ஒரு வாக்கியம்தான் என் கண்ணைத் திறந்தது.

வீட்டுக்கு வந்து டயர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வண்டியோடு வந்த அளவு 265/70 ஆர் 17. அதன் விட்டம் ஏறக்குறைய 803 மில்லிமீட்டர். நான் போட்டது 285/70 ஆர் 17, விட்டம் 831. சக்கரம் எத்தனை தடவை சுற்றியது என்பதை வைத்துத்தான் ஓடோமீட்டர் தூரத்தைக் கணக்கிடுகிறது. பெரிய டயர் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகும், ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. உண்மையில் நான் 103.5 கிலோமீட்டர் போயிருந்தால் மீட்டர் 100 என்றுதான் காட்டும். ஆக 8.3 என்று நான் வருத்தப்பட்ட மைலேஜ் உண்மையில் 8.6. மூன்றரை சதவீதம் குறையவே இல்லை, கணக்கில்தான் காணாமல் போயிருந்தது. மிச்சம் குறைந்தது டயரின் எடையாலும், முரட்டுப் பட்டன்கள் தரையோடு கூடுதலாக உரசுவதாலும். டயர் அளவை மாற்றியிருந்தால், மைலேஜ் கணக்குப் போடும் முன் போனில் உள்ள ஜிபிஎஸ் தூரத்தோடு ஓடோமீட்டரை ஒரு 50 கிலோமீட்டராவது ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. எனக்கு அதைச் செய்யத் தோன்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

பிரேக் உரசுகிறதா என்று பார்ப்பதும் சுலபம். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் 15 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கிட்டே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனலாக இருந்தால் அங்கே ஏதோ பிடிக்கிறது. ஒரு சக்கரத்தில் மட்டும் கரும்பொடி அதிகமாகப் படிவது, ஸ்டீயரிங்கை விட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுப்பது, லேசான சரிவில் நியூட்ரலில் விட்டாலும் உருளாமல் நிற்பது எல்லாம் அதே கோளாற்றின் அடையாளங்கள். என் வண்டி ஒரு பக்கமாக இழுத்ததை நான் சாலையின் சரிவு என்று நினைத்திருந்தேன்.

காலிப்பர், டிஸ்க், பேட், பிளக் எல்லாம் மாற்றியதும் மைலேஜ் மீட்டர் கணக்கில் 8.4-க்குத் திரும்பியது. அப்போது வந்தது பாருங்கள், கோபம். பிரீமியம் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சலாக இருந்தது. இனி வாழ்நாளில் சாதாதான் என்று முடிவெடுத்தேன். அதிலும் ஒரு தப்பு இருந்தது. நல்ல வெயில் காலத்தில், இரண்டு டன் பக்கம் மரம் ஏற்றிய டிரெய்லரோடு ஒரு நீண்ட ஏற்றத்தில் ஏறும்போது, முன்பு நான் சொன்ன அந்தக் கூழாங்கல் சத்தம் கேட்டது. இரண்டு மூன்று நொடிதான். உடனே சத்தம் நின்றது, ஆனால் வண்டியின் இழுப்பும் சட்டென்று குறைந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பெட்ரோல்தான் போனது, வேகம் ஏறவில்லை. பின்னால் வரிசையாக வண்டிகள் ஹாரன் அடிக்க, வியர்த்துக் கொட்ட, ஒரு வழியாக மேலே போய் நிறுத்தினேன். அந்த டேங்க் 4.8-தான் கொடுத்தது.

அன்று மாலை டேஷ்போர்டுப் பெட்டியில் இருந்த கையேட்டை முதல் தடவையாக எடுத்துப் படித்தேன். எரிபொருள் பக்கத்தில் இரண்டே வரியில் எல்லாம் இருந்தது. அன்றாட ஓட்டத்துக்குச் சாதா போதும், கடும் வெயிலிலோ அதிக எடை இழுக்கும்போதோ கூடுதல் ஆக்டேன் போடலாம் என்று. நான் பட்ட அத்தனை பாட்டுக்கும் விடை ஒன்றரை வருடமாக என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்திருக்கிறது. கையேட்டில் ‘கட்டாயம்’, ‘பரிந்துரை’, ‘போதும்’ என்று மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். மூன்றுக்கும் பொருள் வேறு. கட்டாயம் என்றால் குறைத்துப் போடவே கூடாது. பரிந்துரை என்றால் குறைத்துப் போட்டாலும் ஓடும், முழு இழுப்பு கிடைக்காது. போதும் என்றால் அதற்கு மேல் கொடுக்கும் காசு சாதாரண ஓட்டத்தில் உங்களுக்குத் திரும்பி வராது. ஒரே மாதிரிப் பிக்கப்பிலேயே எஞ்சினைப் பொறுத்து இது மாறும். எடுத்துக்காட்டாக ராம் பிக்கப்பில் வரும் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினுக்கு அமெரிக்கக் கணக்கில் 89 பரிந்துரை, 87 ஏற்கத்தக்கது. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டிக்குப் பொருந்துவது உங்கள் வண்டிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த ஏற்றத்தில் என்ன நடந்தது என்பது படித்த பிறகுதான் புரிந்தது. டர்போ எஞ்சினில் காற்று ஏற்கெனவே அழுத்தப்பட்டுத்தான் உள்ளே போகிறது. காலியாக, சமதளத்தில் போகும்போது டர்போவுக்குப் பெரிய வேலை இல்லை, சிலிண்டரில் அழுத்தம் குறைவு, சாதாவின் ஆக்டேனே தாராளம். எடை இழுத்து ஏறும்போது டர்போ முழு மூச்சோடு தள்ளுகிறது, வெளிக்காற்றும் சூடு, அப்போது சாதா தானாகப் பற்றிக்கொள்ளப் பார்க்கிறது. நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் அதைக் கேட்டதும் எஞ்சினின் கணினி ஸ்பார்க்கைத் தாமதமாக்குகிறது. எஞ்சின் தப்பிக்கிறது, ஆனால் அதே பெட்ரோலிலிருந்து கிடைக்கும் தள்ளுவிசை குறைகிறது. தாமதமான ஸ்பார்க்கால் புகைக்குழாய்ப் பக்கம் சூடு ஏறுவதால், அதைத் தணிக்க இன்னும் கொஞ்சம் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கிறது. இந்த இரண்டு வழியில்தான் ஆக்டேன் மைலேஜைத் தொடுகிறது. நாக்கிங் வரக்கூடிய சூழல் இல்லாத இடத்தில் பிரீமியத்துக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை.

இதை நம்பினால் மட்டும் போதாது, அளந்துவிட வேண்டும் என்று ஒரு நோட்டு வாங்கினேன். ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் ‘டக்’கோடு நிறுத்துவது, அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. டயர் காற்று இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, வண்டி குளிர்ந்திருக்கும்போது. தூரத்தை 1.035-ஆல் பெருக்குவது. டிஸ்ப்ளேயில் வரும் சராசரியைப் பார்ப்பதில்லை, அது எஞ்சின் தெளித்த பெட்ரோலின் மதிப்பீடுதான், என் வண்டியில் எப்போதும் கொஞ்சம் கூட்டியே காட்டுகிறது. பெட்ரோல் வகை மாற்றும்போது டேங்க் அடிக்கு வரும்வரை ஓட்டிவிட்டு மாற்றினேன், மாற்றிய முதல் டேங்க்கைக் கணக்கில் சேர்க்கவில்லை. மீதமிருப்பதும் புதியதும் கலந்து நடுவில் ஒரு ஆக்டேனாகத்தான் இருக்கும், கணினியும் புதிய பெட்ரோலுக்குப் பழக நேரம் எடுக்கும். இப்படிக் காலி வண்டியில், வழக்கமான பாதையில், ஒவ்வொன்றும் ஆறு டேங்க் ஓட்டினேன். சாதா 8.71. பிரீமியம் 8.76. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இந்த வித்தியாசம் பிரீமியத்தால் வந்ததா, ஒரு நாள் எதிர்க்காற்று இல்லாததால் வந்ததா என்று சொல்லவே முடியாது. டிரெய்லரோடு மூன்று மூன்று டேங்க். சாதா 5.1, பிரீமியம் 5.5. இது உண்மையான வித்தியாசம், ஏறக்குறைய 8 சதவீதம். கியரும் அடிக்கடி இறங்கவில்லை, அந்தச் சத்தமும் ஒரு தடவைகூட வரவில்லை.

ஆனாலும் காசுக் கணக்கைப் பாருங்கள். பிரீமியம் 20 சதவீதம் விலை கூட என்றால், மைலேஜும் 20 சதவீதம் ஏறினால்தான் கிலோமீட்டர் செலவு சமமாகும். டிரெய்லரோடு ஓடும்போதுகூட எனக்குக் கிலோமீட்டருக்கு 11 சதவீதம் கூடுதலாகத்தான் ஆகிறது. அந்த நாட்களில் அதை நான் மனதாரக் கொடுக்கிறேன், எஞ்சினுக்கான பாதுகாப்பாகவும் ஏற்றத்தில் கிடைக்கும் இழுப்புக்காகவும். மைலேஜில் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து இனி ஒருநாளும் போட மாட்டேன். பின்னால் தேடியபோது என் கணக்கு தனிக்கணக்கு இல்லை என்றும் தெரிந்தது. அமெரிக்க வாகனச் சங்கமான ஏஏஏ 2016-ல் சாதாவுக்கென்றே வடிவமைத்த வண்டிகளில் பிரீமியம் போட்டுச் சோதித்து, இழுப்பிலோ மைலேஜிலோ குறிப்பிடும்படியான லாபம் இல்லை என்று சொன்னது. 2017-ல் பிரீமியம் ‘பரிந்துரை’ என்று எழுதியிருக்கும் வண்டிகளைச் சோதித்தபோதும் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம்தான் ஏறியது.

எத்தனால் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆக்டேன் கூடினால் மைலேஜ் கூடும் என்ற எண்ணத்தை அடியோடு மாற்றியது அதுதான். எத்தனாலின் ரான் 100-ஐத் தாண்டும், பெட்ரோலைவிட மிக அதிகம். ஆனால் லிட்டருக்கு லிட்டர் அதில் உள்ள எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதம் எத்தனால் கலந்தால் மைலேஜ் 3 சதவீதம் அளவுக்கு இறங்கும். எத்தனாலே பெரும்பங்காக இருக்கும் ஈ85 போட்டால் கால்பங்கு வரைகூட இறங்கலாம், அதுவும் அதற்கென வடிவமைத்த வண்டியில் மட்டும்தான் போட வேண்டும். ஆக்டேன் ஏறி, மைலேஜ் இறங்கும் எரிபொருள் இது. உங்கள் பங்க்கில் இரண்டு வகைப் பெட்ரோலிலும் எத்தனால் அளவு வேறு வேறாக இருந்தால், ஒப்பீட்டில் வரும் வித்தியாசம் ஆக்டேனால் வந்ததா எத்தனாலால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பம்ப்பில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் படியுங்கள்.

மைலேஜ் சட்டென்று குறைந்தால் பெட்ரோலைச் சந்தேகிக்கும் முன், கடைசி இரண்டு மாதத்தில் வண்டியில் என்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். டயர், சுமை, பாதை, வேகம், குளிர் காலம். வேகம் மிக முக்கியம். பிக்கப் காற்றுக்கு எதிரே சுவர் மாதிரி நிற்கும் வண்டி, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 110-ல் போகும் பழக்கத்தை 95-க்குக் குறைத்தபோது எனக்குக் கிடைத்தது, 14 மாதப் பிரீமியம் கொடுத்ததைவிட அதிகம். பின்பெட்டியின் கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் காற்று தடையில்லாமல் போகும் என்று சிலர் சொல்வார்கள், அதையும் நம்ப வேண்டாம். மூடியிருக்கும்போது பெட்டிக்குள் காற்று சுழன்று நின்று, மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பெட்டிக்குள் நிரந்தரமாகக் கிடந்த பழைய மரக்கட்டைகளையும் இறக்கிவிட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி மரம் ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தில் போக வேண்டும். டேங்க்கில் இப்போது கால்வாசிச் சாதா இருக்கிறது. அதை உள்ளூர் வேலையிலேயே ஓட்டித் தீர்த்துவிட்டு, கிளம்பும் முந்தின நாள் பிரீமியம் நிரப்புவேன். திரும்பி வந்து டிரெய்லரைக் கழற்றியதும் மறுபடி சாதா. புறப்படும் முன் வலது முன்சக்கரத்துக்குக் கிட்டே கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பது மட்டும் இப்போது பழக்கமாகவே ஆகிவிட்டது.